மாணவர் படிக்கிறாரா?

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, தேசியக் கல்வித் துறைத் தலைமையகத்தின் நான்காம் மாடிக் கூட்ட அரங்கில் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. பதினைந்து வயதுப் பையன்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்குத் தாய்மொழியில் பத்து வரியை வாசித்துப் பொருள் சொல்ல வரவில்லை என்று அதில் கண்டிருந்தது.

பதினொன்று நாற்பதுக்குக் கூட்டம் முடிந்து ஒன்பது பேர் லிஃப்டில் ஏறினார்கள். உள்ளே, கண்ணுக்கு நேராக, விரல் நீள எழுத்தில், 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று எழுதியிருந்தது. லிஃப்ட் நகராமல் கூவியது.

"ஏன் கத்துது இது?" என்றார் இயக்குநர்.

"வயசாயிடுச்சு சார்," என்றார் துணை இயக்குநர்.

ஆள் அனுப்பி லிஃப்ட்காரரை வரவழைத்தார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கிறவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. அவர் உள்ளே ஒரு முறை பார்த்தார், அறிவிப்பை ஒரு முறை பார்த்தார்.

"மூணு பேர் இறங்கணும் சார்."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்குகிறவன் பதவியில் இளையவன் என்று ஆகிவிடும், யாரும் இறங்கவில்லை. கடைசியில் இயக்குநர் ஒரு வழி சொன்னார்: "அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடுப்பா."

நாற்பத்தொரு சதவீதம் என்ற பேச்சு அன்று லிஃப்டில் ஏறி இறங்கியபோது லிஃப்ட்காரர் காதிலும் விழுந்தது. பெற்றவர்கள் கவனிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டார். அவருடைய பையன் பத்தாவது படிக்கிறான். போன வருடம் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவன். எழுத்து ஒவ்வொன்றும் முத்து.

ஏப்ரலில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். வீட்டில் இருந்தால் கைபேசியோடு கிடப்பான் என்று பையனை வேலைக்குக் கூட்டிப்போனார். அன்று அவர் லிஃப்டுக் கூண்டின் தலைமேல் நின்று எஃகு வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடி எந்திர அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்: 'உள்ளே ஆள் இருக்கிறார். போடாதே.' சுவிட்சுக்குப் பூட்டு இருந்தது. பூட்டின் கொக்கி உடைந்திருந்தது. புதுக் கொக்கி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். கோரிக்கை பரிசீலனையில் இருந்தது.

பையன் தேநீர் வாங்கிக்கொண்டு மேலே போனான். சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்தான். அப்பா மறந்துவிட்டார் என்று எண்ணி, உதவியாக இருக்கட்டுமே என்று, அட்டையைப் பூப்போல ஒதுக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான்.

யாரோ கீழ்த்தளத்தில் பொத்தானை அழுத்தினார்கள். வடம் ஓடியது. லிஃப்ட்காரரின் இடக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போயின.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடித்தபிறகுதான் அவர் கேட்டார்.

"டேய், அட்டை தொங்குச்சே, பாக்கலையா?"

"பாத்தேன்பா."

"பாத்துட்டா போட்ட?"

பையன் தரையைப் பார்த்தான். மீசை அரும்பியிருந்த உதடு கோணியது.

"எனக்குப் படிக்க வராதுப்பா."

"பத்தாவது படிக்கிறியேடா!"

"பத்தாவது படிக்கிறேன். படிக்க வராது."

அவனுடைய அம்மா, துணிக்கடையில் அளவு எடுத்துத் தைப்பவள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்தக் கையெழுத்துப் பரிசு?"

"போர்டுல இருக்கிறத அப்படியே வரைவேன்மா. படம் வரையற மாதிரி. பக்கத்துல யாராச்சும் ஒரு தடவ படிச்சா காதுல வாங்கிச் சொல்லிடுவேன்."

பத்து வருடம். ஒரு வாத்தியாருக்கும் தெரியவில்லை. தங்களுக்கும் தெரியவில்லை என்பது லிஃப்ட்காரருக்கு விரலைவிட அதிகமாக வலித்தது.

கட்டுப் போட்ட கையோடு பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியர் மதிப்பெண் அட்டையை எடுத்துப் போட்டார். வாசிப்பு: மிக நன்று.

"பையனுக்கு ஒரு வரி வாசிக்க வராது சார்."

"தெரியும்," என்றார் தலைமை ஆசிரியர், வானிலை சொல்வது போல. "நிறைய பேருக்கு வராது."

"அப்புறம் 'மிக நன்று'ன்னு போட்டிருக்கு?"

"நான் 'வரவில்லை'ன்னு போட்டா, ஏன் வரலைன்னு பன்னிரண்டு பக்கம் விளக்கம் எழுதணும். 'நன்று'ன்னு போட்டா, ஏன் 'மிக' இல்லைன்னு ஆறு பக்கம். 'மிக நன்று'ன்னா விளக்கமே வேண்டாம். எழுதற நேரத்துல நான் பள்ளிக்கூடம் நடத்த வேண்டாமா?" சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. துறையில தனி வாசிப்பு வகுப்பு தொடங்கியிருக்காங்க. தினம் ஒரு மணி நேரம், அஞ்சு பையனுக்கு ஒரு டீச்சர். நல்ல டீச்சருங்க, நானே பாத்தேன். ஆறு மாசத்துல வாசிக்க வெச்சுடுவாங்க. ஆனா பதினாறு வயசு முடியறதுக்குள்ள சேரணும். ஜூன் முப்பது கடைசி நாள். தலைமையகத்து மூணாம் மாடியில ஏழாம் எண் படிவம் வாங்குங்க."

பையனுக்கு ஜூலையில் பதினாறு முடிகிறது. லிஃப்ட்காரர் நேராக மூன்றாம் மாடிக்குப் போனார். படியேறித்தான் போனார், லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை, சரிசெய்ய வேண்டியவர் அவர்.

மூன்றாம் மாடி எழுத்தர் நல்ல மனுஷன், பழகியவர். கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் ஒழுங்காகப் போய், நான்காவது கேள்வியில் வண்டி நின்றது.

'மாணவர் படிக்கிறாரா? ஆம் / இல்லை.'

"இதுக்கு என்னண்ணே போடறது?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே பார்த்தவர் என்று தெரிந்தது. "அதுலதாண்ணே சூட்சுமம். 'ஆம்'னு போட்டா, படிக்கிற பையனுக்கு வாசிப்பு வகுப்பு எதுக்குன்னு தள்ளிடுவாங்க."

"அப்ப 'இல்லை'ன்னு போடறேன்."

"'இல்லை'ன்னு போட்டா, படிக்காத பையன், பள்ளிக்கூடத்துலயே இல்லைன்னு ஆயிடும். இந்த வகுப்பு பள்ளிக்கூடத்துல படிக்கிற பசங்களுக்கு மட்டும்."

"அவன் படிக்கிறான். ஆனா படிக்க வராது. அதை எங்க எழுதறது?"

"எழுத இடம் இல்லியே. டிக் மட்டும்தான்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் சேந்திருக்காங்க?"

"டீச்சருங்க நாப்பது பேர் சேந்தாச்சு. பசங்க இன்னும் யாரும் சேரல." எழுத்தர் சன்னலைப் பார்த்தார். "டீச்சருங்க தினம் வந்து கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க பாவம். ஸ்வெட்டர் பின்றாங்க."

லிஃப்ட்காரர் இயக்குநரைப் பார்க்கப் பதினொரு நாள் காத்திருந்தார். நேரம் கொடுக்கப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் இயக்குநர் தனியாக லிஃப்டில் ஏறினார். லிஃப்ட்காரரும் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, காரணமில்லாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"என்னப்பா நின்னுடுச்சு?"

"பாத்துக்கிட்டிருக்கேன் சார். நாலு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஒரு விஷயம் சொல்லலாமா?"

சொன்னார். விரல் போன கையைக் காட்டினார். இயக்குநர் கையைப் பார்க்கவில்லை. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"உன் பையனா? நம்ம நாப்பத்தொன்னு சதவீதத்துல ஒருத்தனா? நிஜப் பையன்?"

"ஆமா சார்."

"நான் இதுவரைக்கும் ஒருத்தனையும் நேர்ல பாத்ததில்லப்பா! கொண்டு வா. வியாழக்கிழமை விழா. மேடையில நிறுத்தறேன். அப்புறம் உன் பையன் விஷயம் என் விஷயம்."

லிஃப்ட்காரர் பொத்தானை விடுவித்தார். பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை கூட்ட அரங்கில் ஆள் உயரத்தில் மூன்று கறுப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கியிருந்தார்கள்: கீழே இரண்டு, மேலே ஒன்று. இயக்குநர் பேசினார்.

"பையன்கள் ஏன் வாசிப்பதில்லை? ஒன்றரை ஆண்டு ஆராய்ந்தோம். ஏழு ஊர்களுக்குப் போனோம், நல்ல ஊர்கள். காரணத்தைக் கண்டுபிடித்தோம். புத்தகங்களில் எழுத்து இருக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து! வளரும் பிள்ளைகள் தாங்குமா? சரி, பையன்களுக்கு எது பிடிக்கும்? சண்டை பிடிக்கும். ஆயுதம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஆயுதம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நம் மொழியில் ஆயுதம் என்றே ஓர் எழுத்து இருக்கிறதே! அதை உயிரெழுத்துகளுக்குப் பின்னால் வால்போல ஒட்டிவைத்தது யார் செய்த சதி? இன்று முதல் பையன்களுக்கு ஆயுத எழுத்துத்தான் முதல் எழுத்து. வெற்றி கிடைக்கும்வரை அதுவே கடைசி எழுத்தும். ஆஃபீஸில் அது இருக்கிறது, ஃபைலில் அது இருக்கிறது, ஃபேனில் அது இருக்கிறது. அது இல்லாமல் இந்தத் துறை ஒரு நாள் நடக்குமா? நான் கேட்கிறேன்: ஒரு துறைக்குப் போதுமான எழுத்து ஒரு பையனுக்குப் போதாதா?"

கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு வயதான மொழியாசிரியை எழுந்து, "ஐயா, அது தனியா நின்னா ஒரு சொல்லும் ஆகாதே, முன்னாடி ஒண்ணும் பின்னாடி ஒண்ணும் வேணுமே," என்றார். அவருக்கு இரண்டாம் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

பையனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முழுக்கைச் சட்டையில் வியர்த்து நின்றான். இயக்குநர் பந்துகளைக் காட்டினார். "இது என்ன?"

பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் முணுமுணுத்ததைக் காதில் வாங்கிப் பையன் சொன்னான்: "அக்கு."

அரங்கம் அதிர்ந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நாற்பது விநாடியில் எழுத்தறிவு பெற்றதை எல்லாப் பத்திரிகைக்காரர்களும் படமெடுத்தார்கள். ஒலிவாங்கியை அவன் வாய்க்கு நேரே நீட்டி, "ஏதாச்சும் சொல்லுப்பா," என்றார்கள்.

பையன் அப்பாவைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு ஒலிவாங்கியில் கேட்டான்: "மீதி எழுத்தெல்லாம் எப்ப சார் சொல்லித் தருவீங்க?"

சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. "பாத்தீங்களா தாகத்தை!" என்றார் இயக்குநர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விழா முடிந்ததும் பையன் தாழ்வாரத்தில் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

"அப்பா, இங்க ஒண்ணு இருக்கு." லிஃப்டின் மேலே 'லிஃப்ட்' என்று எழுதியிருந்த பலகையைத் தொட்டுக் காட்டினான். "அந்த ரூம் வாசல்லயும் ஒண்ணு. உங்க கம்பிக்கயித்துல ஒரு தகடு இருக்கே, அதுல கூட ஒண்ணு இருந்துச்சு."

"எஃகு. அது எஃகுடா." லிஃப்ட்காரர் பலகையில் பக்கத்து எழுத்தைக் காட்டினார். "மத்த எழுத்தெல்லாம்?"

"மத்ததெல்லாம் கோடுப்பா."

வீட்டில் அம்மா நாளிதழில் வந்த படத்தைப் பார்த்தாள். மகன், இயக்குநர், மூன்று பந்து. "உங்க பையன் படத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கு, அவனால அதைப் படிக்க முடியாது," என்றாள். பிறகு, "அங்கியே காறித் துப்பிட்டு வந்திருக்கலாம்ல?"

"துப்பலாம். துடைக்கிறது யாரு? கீழ்த்தளத்துல பெருக்கற அக்காதான் வந்து துடைக்கணும்."

கை கழுவப் போனார். கிரீஸ் சோப்புப் போட்டால் போய்விடும். அன்று கையில் கிரீஸ் இல்லை. இருந்தும் மூன்று முறை கழுவினார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி மறுபடியும் எழுத்தரிடம் போனார். எழுத்தர் தலையை ஆட்டினார்.

"இப்ப இன்னும் சிக்கலாயிடுச்சுண்ணே. உங்க பையன் 'எழுத்து அறிந்தவர்' பட்டியல்ல ஏறிட்டான்."

"ஒரு எழுத்துதாண்ணே தெரியும்!"

"ஆணையில 'எழுத்து'ன்னுதான் போட்டிருக்கு. 'எழுத்துகள்'னு போடல." அவருக்கே அது நாராசமாக இருந்தது போலும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "ஒரு வழி இருக்கு. நீங்க 'இல்லை'ன்னு டிக் பண்ணுங்க. நான் ஒரு குறிப்பு வெச்சு இயக்குநருக்கு அனுப்பறேன். விதியிலேருந்து விலக்கு கேப்போம். அவரு ஒரு வார்த்தை போட்டாப் போதும், வகுப்புல சேத்துடலாம்."

"அவரு போடுவாரா?"

"உங்க பையன் விஷயம் அவரு விஷயம்னு சொன்னாரில்ல?"

லிஃப்ட்காரர் மீதமிருந்த மூன்று விரலால் படிவத்தைப் பிடித்துக்கொண்டு 'இல்லை'யில் டிக் அடித்தார். எழுத்தர் தன் வாழ்நாளின் தெளிவான குறிப்பை எழுதினார்: 'மேற்படி மாணவர் பள்ளியில் தொடர்ந்து பயில்கிறார், ஆனால் வாசிக்க இயலாதவர். எனவே அவரைத் தனி வாசிப்பு வகுப்பில் சேர்க்கும்பொருட்டு, விதி பதினொன்றிலிருந்து விலக்கு அளிக்கலாமா என்பதற்கு ஆணை வேண்டப்படுகிறது.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டினார்.

இயக்குநர் கிளம்பிக்கொண்டிருந்தார். கோப்புகளை லிஃப்டுக்குள்ளேயே நீட்டினார்கள். நான்காம் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையில் இருபத்தேழு கோப்பு முடிக்கிறவர் என்று அவருக்குப் பெயர். லிஃப்டை இயக்கிக்கொண்டு நின்ற லிஃப்ட்காரர் தன் மகனின் கோப்பு திறக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தார். இயக்குநரின் பேனா மஞ்சள் காகிதத்தைத் தேடிப் போனது. அதற்கு நேர் மேலே இருந்த வரியில் 'விலக்கு' என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. மற்றவை கோடுகள்.

'விலக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சார், அது என் பையன்..." என்றார் லிஃப்ட்காரர்.

"முடிச்சாச்சுப்பா," என்றார் இயக்குநர், அவர் தோளில் தட்டி.

ஜூன் முப்பதாம் தேதி காலை பையனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். புதுப் பென்சில், புது நோட்டு. தலைமை ஆசிரியர் எழுந்து நின்றார்; அது நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

"மேலிடத்து உத்தரவு வந்திருக்கு. பையன் பேரை வருகைப் பதிவேட்டுலேருந்து எடுத்துட்டேன்."

"சேக்கச் சொல்லித்தானே சார் கேட்டேன்?"

"நீங்க கேட்டது எனக்கு வரலையே. பதில் மட்டும்தான் வந்திருக்கு." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "'விலக்கலாம்.' விலக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, இதுக்கும் விளக்கம் எழுத வேண்டியதில்ல."

லிஃப்ட்காரர் பையனையும் இழுத்துக்கொண்டு தலைமையகத்துக்கு ஓடினார். மூன்றாம் மாடிக்குப் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். எழுத்தர் கோப்பை எடுத்துப் பிரித்து, தன் குறிப்பையும் அதன் கீழ் இருந்த கையெழுத்தையும் பார்த்தார்.

"திருத்திக் குடுங்கண்ணே. நீங்க எழுதினது மேலேயே இருக்கே. படிச்சாப் புரியுமே."

"இயக்குநர் கையெழுத்து விழுந்துட்டா, அதுக்கு மேல இருக்கிறதை யாரும் படிக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப மேல்முறையீடு?"

"அதுக்கும் ஏழாம் எண் படிவம்தான்." எழுத்தர் ஒன்றை எடுத்தார், நான்காவது கேள்வியைப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "இப்ப பதில் ஒண்ணுதான். இப்ப நெஜமாவே படிக்கல."

பையன் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். கதவில் எழுதியிருந்ததை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். 'ஆஃபீஸ்' என்பதன் நடுவில் விரலை வைத்து, "அக்கு," என்றான், யாருக்கும் கேட்காமல்.

இயக்குநருக்கு 'விலக்கலாம்' என்ற சொல் பிடித்துப்போயிற்று. சுருக்கம், கம்பீரம். அதை முத்திரையாகச் செய்யச் சொன்னார். ஏழாம் எண் படிவத்தோடு எந்தக் கோப்பு வந்தாலும் முத்திரை விழுந்தது. எழுத்தரின் யோசனையை மாவட்ட எழுத்தர்களும் நல்லெண்ணத்தோடு பின்பற்றியதால் கோப்புகள் வண்டி வண்டியாக வந்தன. வாசிக்க வராத பையன்கள் பதிவேடுகளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள்.

அடுத்த மார்ச் பதினாறாம் தேதி, அதே மாடியில், அதே அரங்கில், அடுத்த அறிக்கை வெளியிடப்பட்டது. வாசிக்க வராத பதினைந்து வயதுப் பையன்கள் நாற்பத்தொரு சதவீதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்திருந்தார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. தனி வாசிப்பு வகுப்பு, தேவையில்லாததால் மூடப்பட்டது. நாற்பது ஆசிரியைகளும் ஆளுக்கொரு ஸ்வெட்டருடன் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

கூட்டம் முடிந்து பத்துப் பேர் லிஃப்டுக்கு வந்தார்கள். லிஃப்ட் பழுது. 'படியில் செல்லவும்' என்ற பலகை வாசலில் இருந்தது. பத்துப் பேரும் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றார்கள்.

மொட்டை மாடி எந்திர அறையில் பையன் மெயின் சுவிட்சுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா கீழே கூண்டின் தலைமேல் வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டின் கொக்கி வரவில்லை. சுவிட்சின்மேல் ஒரு புது அட்டை தொங்கியது. அதில் சிவப்பு மையில், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக, மூன்று புள்ளிகள் இருந்தன.

பையன் அதைப் படித்தான். சுவிட்சைப் போடவில்லை.